உப்பு கசியத் தொடங்கும் எண்

சென்னையில் இரண்டு பேர் சந்தித்தால் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், புழுக்கத்தைப் பற்றி அலுத்துக்கொள்வார்கள். காற்றில் ஈரப்பதம் எவ்வளவு என்ற எண்ணை மட்டும் யாரும் கேட்பதில்லை. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் வானிலை ஆய்வு மையத்தார் அதை அளந்து வருகிறார்கள். செய்தித்தாளில் அது ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. அடுப்படியில் உப்பு கசிவது, டப்பாவில் முறுக்கு நமுத்துப் போவது, கார்த்திகையில் கதவு நிலையோடு பிடித்துக்கொள்வது, அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூப்பது ஆகிய அனைத்துக்கும் வெப்பநிலையைவிட அந்த எண்ணே நெருங்கிய காரணம் என்பதை, திருவான்மியூரில் கடற்கரைக்குச் சில தெருக்கள் தள்ளிக் குடியிருக்கும் நான் ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன்.

இவற்றையெல்லாம் நீரை ஈர்க்கும் பொருள்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை ஈர்க்கும் விதம் ஒன்றல்ல. சில பொருள்கள் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதம் வரை அசையாமல் இருந்துவிட்டு, அதைத் தாண்டியதும் நீரை வாங்கிக்கொண்டே போய்த் தாமே கரைந்துவிடுகின்றன. வேறு சில, ஈரப்பதம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, அது இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகின்றன. உப்பும் வெடியுப்பும் முதல் வகை. மரம், பருத்தி, அரிசி, முறுக்கு, மிருதங்கத்தின் தோல் ஆகியவை இரண்டாம் வகை. எந்தப் பொருள் எந்த வகை, முதல் வகையென்றால் அது கரையத் தொடங்கும் ஈரப்பதம், அதாவது அதன் எண், எது என்று தெரிந்துவிட்டால், எதை இறுக மூடுவது, எதை வெயிலில் போடுவது, எதை அதன் போக்கில் விட்டுவிடுவது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

சாப்பாட்டு உப்பின் எண் 75. தூய நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி மூடி வைத்தால், மேலேயுள்ள காற்று நாளடைவில் 100 சதவீத ஈரப்பதத்தை அடையும். அதே நீரில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைப் போட்டுவிட்டால், உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளை எளிதில் ஆவியாக விடாமல் பிடித்துக்கொள்வதால், மேலேயுள்ள காற்று 75 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், வெளிக்காற்றின் ஈரப்பதம் 75-ஐத் தாண்டும்போது, உப்புப் பரலின் மேலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் காற்றிலிருந்து மேலும் நீரை இழுத்துக்கொண்டு பரலைக் கரைக்கத் தொடங்கும். ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கும்போது அந்தக் கரைசல் மீண்டும் காய்ந்து படிகமாகும். 10 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரி வரை இந்த எண் ஏறத்தாழ மாறுவதே இல்லை என்பது உப்பின் தனிச்சிறப்பு.

சென்னையின் காற்று பெரும்பாலான இரவுகளில் 75-க்கு மேலே ஏறி, மழையில்லாத நாள்களின் பகலில் கீழே இறங்குகிறது. ஆகவே நம் வீட்டு உப்பு ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இரவில் மேற்பரப்பில் கரைந்து பகலில் காய்கிறது. இரண்டு பரல்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இரவில் சேர்ந்த உப்புநீர் பகலில் காயும்போது அந்த இடத்திலேயே படிகமாகி இரண்டையும் ஒட்டிவிடுகிறது. உப்பு கட்டி தட்டுவதற்கு ஈரம் மட்டும் காரணமன்று. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதே காரணம். தூள் உப்புப் பாக்கெட்டின் பின்புறத்தில் ஐ.என்.எஸ். 536 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அது பொட்டாசியம் ஃபெரோசயனைடு. அது ஈரத்தை உறிஞ்சுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது செய்யும் வேலையே வேறு. மிக நுண்ணிய அளவில் சேர்க்கப்படும் அந்தப் பொருள், பரல்களுக்கிடையே முளைக்கும் புதிய படிகம் உறுதியாக வளரவிடாமல் தடுக்கிறது. ஒட்டினாலும் தட்டினால் உதிர்ந்துவிடுகிறது.

கல் உப்பின் கதை இதைவிடச் சுவையானது. கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகளில் சோடியம் குளோரைடு, அதாவது நம் சாப்பாட்டு உப்பு, சுமார் 78 சதவீதந்தான். அடுத்த இடம் மெக்னீசிய உப்புகளுக்கு. மெக்னீசியம் குளோரைடின் எண் 33. சென்னையில் காற்று 33 சதவீதத்துக்கு இறங்குவது, கத்திரியில் மேற்குக் காற்று வலுத்துக் கடல்காற்று உள்ளே வராமல் தடைபடும் சில பிற்பகல்களில் மட்டுமே. அதாவது கல் உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு அநேகமாக ஆண்டு முழுவதும் நீராகவே இருக்கிறது. ஜாடியின் அடியில் கோடையிலும் சற்றுக் கசப்பான நீர் தேங்குவது அதனால்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும்போது உப்பளங்களின் ஓரத்தில் உப்பை அம்பாரமாகக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி வருவதற்காக மட்டும் அது அங்கே காத்துக் கிடக்கவில்லை. குவியலிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை வாங்கி, தானே நீராகி, கீழே வடிந்து போகிறது. நீரை ஈர்க்கும் குணத்தைக் கொண்டே அந்தக் குணமுள்ள பொருளை வெளியேற்றிவிடுகிறார்கள். பாத்தியில் சோடியம் குளோரைடு படிந்த பிறகு மிஞ்சும் அடர்ந்த கசப்புநீரை உரிய பதத்தில் வடித்து வெளியேற்றுவதும் இதற்காகவே. ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் வற்றவிட்டால் உப்பின் எடை கூடும், தரம் கெடும்.

உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது பெரிதாகப் பயன் தருவதில்லை. கடையிலிருந்து வரும் அரிசியில் ஏற்கெனவே 12 அல்லது 13 சதவீதம் நீர் இருக்கிறது; சென்னைக் காற்றோடு அது அநேகமாகச் சமநிலையில் இருக்கும் பொருள். தானே ஈரமாக இருப்பது பிறர் ஈரத்தை எங்கே வாங்கப்போகிறது? தண்ணீரில் விழுந்த கைப்பேசியை அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் இதே ரகம். மின்விசிறிக்கு எதிரே வைப்பது அதைவிட மேல். அரிசித் தூசி உள்ளே போகாமலாவது இருக்கும்.

சுவரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடலோரக் குடியிருப்புகளில் சுவர் பொரிந்து பெயின்ட் செதில் செதிலாக உதிர்வதற்கு மழைநீர்க் கசிவை மட்டுமே குறை சொல்கிறார்கள். உவர்நீரில் குழைத்த சாந்திலோ கழுவாத மணலிலோ உப்பு இருந்துவிட்டால், வெளியிலிருந்து ஒரு சொட்டு நீர் வராமலே அந்த உப்பு இரவில் காற்றிலிருந்து நீரை வாங்கிக் கரைந்து, பகலில் பூச்சின் நுண்துளைகளுக்குள் படிகமாகி, உள்ளிருந்து நெம்புகிறது. அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் அது பெயின்ட் கடைக்காரருக்கு லாபம்.

ஈரப்பதத்தை வீட்டில் அளக்க விலை குறைந்த டிஜிட்டல் மானிகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல சொல்லும் எண் நம்பத்தக்கதன்று. நல்லவேளையாக, அதைச் சோதிக்கும் தராசும் அடுப்படியிலேயே இருக்கிறது. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, இட்லி மாவு பதத்துக்கு மட்டும் ஈரமாகும்படி சில சொட்டு நீர் விட்டு, அதையும் மானியையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவுக்குள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது, முழுவதும் உலர்ந்தும் இருக்கக் கூடாது. கரையாத உப்பும் கரைந்த உப்பும் சேர்ந்திருக்கும் வரை டப்பாவுக்குள் இருக்கும் காற்று 75 சதவீதத்தில்தான் நின்றாக வேண்டும். என் மானி காலையில் 79 காட்டியது. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘4 கழிக்கவும்’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். ஆய்வகங்களிலும் இதே முறைதான். அங்கே லித்தியம் குளோரைடு 11-க்கும், மெக்னீசியம் குளோரைடு 33-க்கும், சோடியம் குளோரைடு 75-க்கும் என்று வெவ்வேறு உப்புகளை வைத்துக்கொள்கிறார்கள்.

மானிக்குள்ளேயே இருப்பதும் நீரை ஈர்க்கும் ஒரு பொருள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மெல்லிய பாலிமர்ப் படலம் ஒன்று காற்றின் ஈரத்தை வாங்கும்போது அதன் மின்தேக்குத் திறன் மாறுகிறது. அந்த மாற்றத்தையே எண்ணாகத் திரையில் காட்டுகிறார்கள். இதற்கு முன்னோடி தலைமுடி. ஜெனீவாவைச் சேர்ந்த ஹோரஸ் பெனெடிக்ட் டி சோஸூர் 1783-ஆம் ஆண்டில் மனிதத் தலைமுடியைக் கொண்டு ஈரப்பதமானி ஒன்றைச் செய்து காட்டினார். முற்றும் உலர்ந்த காற்றிலிருந்து நீராவி நிறைந்த காற்றுக்குப் போகும்போது எண்ணெய்ப் பசை நீக்கிய முடி சுமார் 2 முதல் 2.5 சதவீதம் நீள்கிறது. அந்த நீட்சியை ஒரு முள்ளின் அசைவாக மாற்றினால் கருவி தயார். கடற்கரைக்குப் போய்வந்ததும் சுருட்டை முடிக்காரர்கள் படும் பாடு அறிவியலுக்கு உதவிய விதம் அது.

இனி, காற்றில் உள்ள நீர் எடையில் எவ்வளவு என்று ஒரு கணக்கு. 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 24 கிராம். நம் குடியிருப்புகளில் வழக்கமான பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொண்டால், 28 கன மீட்டருக்குச் சற்று மேல். அந்த அறையின் காற்றில் கிட்டத்தட்ட 700 கிராம் நீர், அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர், கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. கதவைத் திறந்தால் புதுக்காற்று வந்துவிடும், அதனோடு இன்னொரு முக்கால் லிட்டரும் வரும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பார்க்க வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் பேட்ரிக் 1919-இல் காப்புரிமை பெற்ற தயாரிப்பு முறையிலிருந்து பரவிய பொருள் அது. வேதியியல்படி மணலும் அதுவும் ஒன்றே. ஆனால் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள். ஒரு கிராம் ஜெல்லின் உட்பரப்பை விரித்தால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் சொன்னால், மூன்று கிரவுண்டுக்கும் மேல். அந்தப் பரப்பில் நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பொருள் கரைவதில்லை, ஊறிக் குழைவதில்லை, தொட்டால் உலர்ந்தே இருக்கும். நம் ஊர்க் காற்றில் அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை வாங்கும். ஐந்து கிராம் பொட்டலம் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் வாங்கியதும் நிறைந்துவிடும்.

புதுச் செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலங்களைப் பத்திரமாகச் சேர்த்து, துணி அலமாரியில் ஆங்காங்கே போட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். பெட்டியை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்திலேயே அந்தப் பொட்டலங்கள் சென்னைக் காற்றைக் குடித்து நிறைந்திருக்கும். அதன் பிறகு அவை அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இறுக மூடிய சிறிய டப்பாவில் கதை மாறுகிறது. ஒரு லிட்டர் டப்பாவிலுள்ள காற்றில் இருப்பது வெறும் 24 மில்லிகிராம் நீர். உலர்ந்த பொட்டலம் அதைச் சுலபமாகச் சமாளிக்கும். ஆனால் டப்பாவுக்குள் இருக்கும் பண்டமே ஈரத்தை வாங்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அரை கிலோ முறுக்கு தன் எடையில் இரண்டு சதவீதம் நீரை வாங்கிவிட்டால் அது பத்து கிராம். அதை இழுக்க ஆறேழு பொட்டலங்கள் வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்துக்குச் செலவிடும் காசு பொட்டலத்துக்குச் செலவிடும் காசைவிடப் பயனுள்ளது என்பது என் தீர்மானமான கருத்து.

கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்கள் நிறம் மாறும் ஜெல்லை வாங்குகிறார்கள். நீல நிறத்தில் இருந்து நீரை வாங்கியதும் இளஞ்சிவப்பாக மாறுவதில் இருப்பது கோபால்ட் குளோரைடு; ஐரோப்பிய ஒன்றியம் அதைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருளாக வகைப்படுத்தியிருப்பதால், இப்போது ஆரஞ்சு நிற ஜெல் பரவலாகியிருக்கிறது. கிடைக்குமானால் ஆரஞ்சையே வாங்குங்கள். ஓவனில் 120 டிகிரி அளவில் ஓரிரு மணி நேரம் வைத்தால் வாங்கிய நீரை விட்டுவிட்டுப் பழைய நிறத்துக்குத் திரும்பும். சூடாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும், ஆறட்டும் என்று தட்டில் பரப்பி வைத்தால் ஆறுவதற்குள் மறுபடியும் குடித்துவிடும். லென்ஸ் டப்பாவுக்கு 40 முதல் 50 சதவீதம் போதும். பூஞ்சணத்துக்குப் பொதுவாக 65, 70-க்கு மேல் வேண்டும் என்பதால் அந்த அளவில் அது வளராது. அதைவிடக் கீழே கொண்டுபோவதில் லாபம் ஏதுமில்லை.

அலமாரிக்கென்று கடையில் விற்கும், மேலே வெள்ளைப் பரல்களும் கீழே காலி அறையுமாக இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் உள்ளது கால்சியம் குளோரைடு. அதன் எண் 30-க்கும் கீழே. ஆகவே சென்னையில் அது ஓய்வெடுக்கும் நாளே கிடையாது. தன் எடையைவிடக் கூடுதலான நீரை இழுத்துத் தானும் அதில் கரைந்து கீழே சொட்டும். கீழே சேர்வது தண்ணீர் என்று நினைத்துச் செடிக்கு ஊற்றக் கூடாது. அது அடர்ந்த உப்புக் கரைசல். தோல் பையிலோ பட்டுச் சேலையிலோ சிந்திவிட்டால் எத்தனை நாள் ஆனாலும் காயாது, ஏனென்றால் நம் காற்று அதன் எண்ணுக்குக் கீழே இறங்கினால்தானே அது காயும்.

குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது வேறு இனம். ஊற்றிய நீரைப் பிடித்துவைப்பதில் அதற்கு நிகரில்லை. தூய நீரில் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும், உப்பு கலந்த நீரில் அது சில பத்து மடங்காகச் சுருங்கிவிடும். கோடையில் நாம் ஊறவைக்கும் பாதாம் பிசினும் சப்ஜா விதையும் அதன் தாவர உறவினர்கள். ஊற்றுகிற நீரைக் குடிப்பதே அவற்றின் வேலை. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து அறையை உலர்த்தும் வேலைக்கு அவை ஆகா.

இரண்டாம் வகைப் பொருள்களுக்கு வருகிறேன். முறுக்குக்கும் பிஸ்கட்டுக்கும் உப்பைப் போல ஒரே எண் இல்லை. ஈரப்பதத்துக்கேற்ப வாங்கிக்கொண்டே போகும். ஆனாலும் மொறுமொறுப்பு ஓர் எல்லையில் கெடுகிறது. டப்பாவுக்குள் இருக்கும் ஈரப்பதம் 40, 45 சதவீதத்தைத் தாண்டினால் மாவுச்சத்து நீரால் நெகிழ்ந்து, கடித்தால் உடைவதற்குப் பதிலாக வளையத் தொடங்கும். சென்னைக் காற்று அந்த எல்லைக்குக் கீழே இருப்பது அபூர்வம் என்பதால், இங்கே திறந்து வைத்த முறுக்கு நமுத்துப் போவதற்கு மழைக்காலம் வரவேண்டியதில்லை. பிரெட்டையும் பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடுகிறவர்கள் இரண்டையும் கெடுக்கிறார்கள். பிரெட் தன் ஈரத்தைக் காற்றுக்கு விட, பிஸ்கட் அதை வாங்கிக்கொள்ள, அது இறுகிப்போகும், இது நமுத்துப்போகும். இனிப்பில் சீனி பிழைத்துக்கொள்வதும் வெல்லம் இளகுவதும் இதே கணக்கில்தான் வரும்: சீனியின் எண் சுமார் 85, வெல்லத்தில் கலந்திருக்கும் பழச்சர்க்கரையின் எண் சுமார் 62.

பருத்தியின் நடத்தை எனக்கு மிகவும் பிடித்தது. 65 சதவீத ஈரப்பதத்தில் உலர்ந்த பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் நீரை வைத்திருப்பதாகக் கொண்டு வணிகத்தில் கணக்கிடுகிறார்கள், பாலியெஸ்டர் 0.4 சதவீதம், கம்பளி 16. நம் நாட்டுப் பருத்திப் பொதி 170 கிலோ. அந்தக் கணக்கின்படி அதில் 13 கிலோ தண்ணீர். பஞ்சு வியாபாரிகள் ஈரத்தை அளக்காமல் விலை பேசாததற்குக் காரணம் இருக்கிறது.

மொட்டை மாடியில் வற்றல் காய்வதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியே காற்று 80 சதவீத ஈரத்தோடு இருக்கும்போது எதுவும் எப்படிக் காய்கிறது? தளம் சூடேறி அதை ஒட்டிய காற்று 45 டிகிரி ஆகிவிட்டால், அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவி கன மீட்டருக்கு 65 கிராமாக உயர்ந்துவிடுகிறது. இருப்பதோ அதே 24 கிராம். ஆகவே ஒரு துளி நீரும் குறையாமலே அந்த இடத்தின் ஈரப்பதம் 37 சதவீதமாக இறங்கிவிடுகிறது. வற்றலும் வடகமும் மிளகாயும் நம்பியிருப்பது இந்த வகுத்தல் கணக்கை. வெயில் சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பரபரப்பதும் சரியே. தளம் ஆறியதும் எண் மறுபடியும் ஏறிவிடும், காய்ந்தது திரும்ப வாங்கத் தொடங்கிவிடும்.

ஐப்பசியில் வற்றலின் இடத்தில் பட்டாசு வந்து உட்காரும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் தீபாவளி வருவதால், கிடைக்கும் வெயிலில் பட்டாசைக் காயவைப்பது சென்னையில் ஒரு சடங்கு. இங்கே ஒரு வேதியியல் தேர்வைக் குறிப்பிட வேண்டும். வெடிமருந்துக்கு ஆக்சிஜன் தரும் வெடியுப்பாகப் பொட்டாசியம் நைட்ரேட்டைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். சோடியம் நைட்ரேட்டும் ஆக்சிஜனைத் தரும், விலையும் மலிவு. ஆனால் அதன் எண் 74, பொட்டாசியம் நைட்ரேட்டின் எண்ணோ 90-க்கும் மேல். சோடியம் நைட்ரேட் போட்ட சரவெடி சென்னையின் ஐப்பசி இரவு ஒன்றைக்கூடத் தாண்டாது. தீக்குச்சியிலும் அப்படியே; சோடியம் குளோரேட்டை விட்டுவிட்டுப் பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்க்கிறார்கள். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் ஒருசேர வறண்ட சிவகாசியில் வேர்விட்டதற்கு அங்குள்ள காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். காகிதமும் ஈரத்தை வாங்கி அகலத்தில் விரியும் பொருள். நான்கு வண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிக்கும் அச்சகத்துக்கு அந்த விரிவு பெரிய தலைவலி.

என் நண்பர் ஒருவர் கஞ்சிரா வாசிப்பவர். அவர் ஒரே காரியத்தை ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் தவறாமல் செய்வார். சிறு பாட்டிலிலிருந்து சில சொட்டு நீரை விரல்நுனியில் எடுத்து, தோலின் உட்புறத்தில் தடவி, உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து, சற்று நேரம் பொறுத்து, ஒரு தட்டுத் தட்டிக் கேட்பார். தோல் நீரை வாங்கியதும் தளர்ந்து சுருதி இறங்கும்; அவருக்கு வேண்டிய கனத்த ஒலி அப்போதுதான் வரும். மார்கழியில் வெளியே காற்று ஈரமாக இருப்பதால் வீட்டில் இரண்டு சொட்டு போதும். சபாவின் குளிர்சாதனக் காற்றோ காய்ந்த காற்று; அதில் ஒரு கீர்த்தனை முடிவதற்குள் தோல் இறுகிவிடுகிறது, பாட்டில் மறுபடியும் வெளியே வருகிறது. மிருதங்கக்காரர் தொப்பி எனப்படும் இடப் பக்கத்தில் ஈர ரவையை ஒட்டுவதும், வலந்தலை எனப்படும் வலப் பக்கத்தைக் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சேர்ப்பதும் இதே காற்றோடு நடத்தும் பேரந்தான். “ஹாலுக்குள்ள ஒரு மணி நேரம் முன்னாடியே வாத்தியத்தைத் திறந்து வச்சிடணும் சார், அது அந்தக் காத்துக்குப் பழகணும்” என்பார் நண்பர். கஞ்சிராவுக்குப் போர்த்தும் உடும்புத் தோலுக்கு இப்போது சட்டத் தடை இருப்பதால் பலர் ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறிவருகிறார்கள். செயற்கைத் தோல் நீரை வாங்குவதில்லை, ஆகவே பாட்டிலுக்கும் வேலையில்லை. அந்த ஒலி எனக்கு இன்னும் பழகவில்லை.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு செய்தி: கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளால் ஆன வகையைச் சேர்ந்த பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து நீரை வாங்கும். டாட் 4 (DOT 4) என்று தரக்குறியிட்ட ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரநிலை, சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. அளவு குறையவில்லையே என்று மாற்றாமல் விடுபவர்கள் அளவைப் பார்க்கிறார்கள், நீரைப் பார்ப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே முறை.

கடைசியாக, எங்கள் வாசல் கதவு. மரத்தின் செல் சுவர்களில் இருக்கும் செல்லுலோஸ் நீரைப் பிடித்துக்கொள்கிறது; சுமார் 30 சதவீதம் வரை வாங்கும் நீர் செல் சுவருக்குள் போய் மரத்தைப் பருக்க வைக்கும், அதற்கு மேல் வருவது வெற்றிடங்களில் வெறுமனே நிற்கும். காற்றில் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் மரத்தில் 9 சதவீதமும், 80 இருந்தால் 16 சதவீதமும் நீர் நிற்கிறது. நீளவாக்கில் மரம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. மழைக்காலத்தில் கதவு உயரத்தில் வளராமல் அகலத்தில் மட்டும் பிடிப்பது அதனால்தான். பச்சைத் தேக்கு முற்றிலும் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், குறுக்கே சுமார் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. எங்கள் கதவின் இரு பக்கச் செங்குத்துச் சட்டங்களும் தலா நாலரை அங்குல அகலம். நீர் 9-இலிருந்து 16 சதவீதத்துக்கு ஏறினால், சட்டங்கள் வளையப் போக்கில் அறுக்கப்பட்டவையாக இருக்கும்பட்சத்தில், இரண்டும் சேர்ந்து சுமார் 3 மில்லிமீட்டர் விரியும். கதவுக்கும் நிலைக்கும் ஆசாரிகள் விடும் சந்தும் ஏறக்குறைய அதே அளவுதான். நடுவிலுள்ள பலகைகள் எவ்வளவு விரிந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அவற்றைப் பசை போட்டு ஒட்டாமல் சட்டத்தின் காடிக்குள் தளர்வாக நிறுத்துவது பழைய தச்சு மரபு.

கார்த்திகையில் கதவை இழைத்துவிடலாம் என்று ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கதவை இருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு இழைப்புளியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். “இப்ப சீவினா சித்திரையில ஓட்டை விழும் சார். பல்லி உள்ள வரும். தை பொறக்கட்டும், தானா விட்டுக் குடுக்கும்” என்றார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, கதவின் மேல் விளிம்பில் விரலை ஓட்டி என்னிடம் காட்டினார். முகப்பில் மூன்று கோட் பாலிஷ். மேல் விளிம்பில் வெறும் மரம். சட்டங்களின் அறுபட்ட முனை அங்கேதான் திறந்திருக்கிறது; மரம் நீரை மிக வேகமாக வாங்குவதும் விடுவதும் அந்த முனை வழியாகத்தான். கீழ் விளிம்பும் அப்படித்தான் இருக்கும், கழற்றினால்தான் தெரியும் என்றார். பூச்சு எதுவும் ஈரத்தை முழுவதும் நிறுத்திவிடாது, வேகத்தைத்தான் குறைக்கும். ஆனால் சென்னையில் அடைமழை சில வாரங்களில் ஓய்ந்துவிடுவதால், வேகம் குறைந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தை கடைசியில் மரம் காய்ந்த பிறகு கதவைக் கழற்றி, மேலும் கீழும் வார்னிஷ் அடித்து மாட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும்.